பொருளை வாங்கின பிறகும் 'வாங்குங்க'னு மெசேஜ் வருதா? ஆட்டோமேட்டிக் மெசேஜில் கடைக்காரர்கள் கோட்டை விடும் இடம்

ஆன்லைனில் ஒரு சேலையைப் பார்த்துவிட்டு வாங்காமல் வெளியே வந்தால் போதும். கொஞ்ச நேரத்தில் வாட்ஸ்அப், மறுநாள் எஸ்எம்எஸ், அப்புறம் இமெயில் என வரிசையாக வரும். முன்கூட்டியே செட் செய்த சாஃப்ட்வேர்தான் இதை அனுப்புகிறது. சிறு கடைகளும் இதைச் செய்யலாம். எப்படி?

சம்மதம்: முதலில் வாடிக்கையாளரிடம் அனுமதி வாங்கணும்.

எஸ்எம்எஸ்: டிராய் விதிப்படி நிறுவனம், அனுப்புநர் பெயர், மெசேஜ் வாசகம் மூன்றையும் டிஎல்டி தளத்தில் பதிவு செய்ய வேண்டும்.

வாட்ஸ்அப்: வாடிக்கையாளர் கடைசியாக மெசேஜ் அனுப்பி 24 மணி நேரம் தாண்டிவிட்டால், ஒப்புதல் பெற்ற டெம்ப்ளேட் மட்டுமே அனுப்ப முடியும்.

நிறுத்தம்: பலர் கோட்டை விடுவது இங்கேதான். ஒருவர் பொருளை வாங்கிவிட்டாலோ, 'வேண்டாம்' என்றாலோ மூன்று வழியிலும் மெசேஜ் உடனே நிற்கணும். வாட்ஸ்அப்பில் நிறுத்திவிட்டு எஸ்எம்எஸ்ஸை மறந்தால், வாங்கினவரே கடுப்பாகி பிளாக் செய்துவிடுவார். பிளாக்கும் புகாரும் கூடினால் கடையின் வாட்ஸ்அப் கணக்குக்கே கட்டுப்பாடு வரலாம்.

நீங்கள் வாடிக்கையாளரா? விளம்பர எஸ்எம்எஸ் தொல்லை தொடர்ந்தால் 1909-ல் புகார் செய்யலாம்.