செஞ்சியில் ஒரு பழைய பாட்டு

நவம்பரில் ஓய்வூதியக்காரர்கள் தாங்கள் உயிரோடிருப்பதற்குச் சான்று கொடுக்கச் செஞ்சியில் எங்கள் வங்கிக்கு வருகிறார்கள். அப்படி வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர், என் மேஜைக்கு எதிரில் காத்திருந்த நேரத்தில் ஒரு பாட்டை முனகினார். 1960இல் வெளிவந்த 'ராஜா தேசிங்கு' படப் பாட்டு. இசை ஜி. ராமநாதன். ஜன்னல் வழியே ராஜகிரியைக் காட்டி, "கோட்டை காலத்துப் பாட்டு, தம்பி" என்றார்.

தேசிங்கு ஆற்காட்டு நவாபின் படையோடு பொருது மாண்டது 1714இல். 246 வருஷங்களை அவர் ஒரு முனகலில் தாண்டிவிட்டார். எனக்குச் சிரிப்பு வந்தது. பழைய சினிமாப் பாட்டில் பெரியவர்கள் கொள்ளும் உருக்கத்தைக் கண்ணீர் வியாபாரம் என்று ஒதுக்கிப் பழகியவன் நான். நம்மில் பலரும் அப்படித்தான்.

பழசு என்பது செய்யப்படுகிற சரக்கு என்பதற்கு ஜப்பானில் நல்ல சாட்சி இருக்கிறது. 'என்கா' என்ற சொல் அங்கே 1880களில், அரசை எதிர்த்த உரிமை இயக்கத்தார் மேடைப் பேச்சுக்குப் பதிலாகத் தெருவில் பாடிய பாட்டைக் குறித்தது. 1960களின் பிற்பகுதியில், இளைஞர்கள் ராக் இசையின் பக்கம் போய்விட்டபோது, அதே சொல் பிரிவு, மது, துறைமுகம், விட்டு வந்த ஊர் என்று அழும் மெதுவான பாட்டுகளுக்கு ஒட்டப்பட்டது. ஜப்பானின் இதயமே அதுதான் என்றார்கள். அந்த மெட்டுகளுக்கு முன்னோடியான கோகா மசாவோ (1904–1978) பிள்ளைப் பருவத்தைக் கழித்ததோ கொரியாவில். கையிலெடுத்தது மாண்டலினும் கிட்டாரும். மிசோரா ஹிபாரி 1989இல், தம் 52ஆம் வயதில் இறந்தார். அதே வருஷம் ஜனவரியில்தான் ஹிரோஹிட்டோ சக்கரவர்த்தியும் இறந்திருந்தார். ஒரு யுகத்துக்காக அழ வேண்டியதை முதியவர்கள் ஒரு பாடகிக்காக அழுதார்கள்.

நம் பக்கத்துப் பழசுக்கும் தேதி உண்டு. 1952இல் செய்தி ஒலிபரப்பு அமைச்சராக வந்த பி. வி. கேஸ்கர், அகில இந்திய வானொலியில் சினிமாப் பாட்டை ஏறக்குறைய இல்லாமல் ஆக்கினார். ஜனங்கள் முள்ளை இலங்கை வானொலிக்குத் திருப்பினார்கள். அந்த நிலையத்தின் சிற்றலை பலம், உலகப் போரில் ஜப்பானை எதிர்த்த தென்கிழக்காசிய நேசப் படைகளுக்கென ஏற்பட்டது என்பது சரித்திரத்தின் வேடிக்கை. டெல்லி வழிக்கு வந்து விவித் பாரதியைத் தொடங்கியது 1957 அக்டோபரில்தான். என் அப்பாவும் முள்ளைத் திருப்பியவர். அவர் போன பிறகு அந்த ரேடியோவைப் பழைய சாமான் கடையில் போட்டவன் நான்.

இவற்றைச் சொல்லி ஆசிரியரை மடக்கியிருக்கலாம். கேள்விதான் வந்தது. "சினிமாவுக்கு முன்னாடி தேசிங்கு கதைப்பாட்டு கேட்டிருக்கீங்களா, ஐயா?"

"கேக்காம என்ன? திருவிழாவுல விடிய விடியப் பாடுவாங்க. சிநேகிதன் கல்யாணத்தை விட்டுட்டு சண்டைக்கு வர்ற எடத்துல பொம்பளைங்க அழுவாங்க."

"ஒரு அடி பாடுங்களேன்."

வாயைத் திறந்தார், மூடிக்கொண்டார். மறுபடி முயன்றார். வந்தது படப் பாட்டுதான்.

கதைப்பாட்டின் சொற்கள் 'பெரிய எழுத்து'ப் பதிப்புகளில் இருக்கின்றன. மெட்டு அச்சில் ஏறுவதில்லை. செய்த பழசு நிஜப் பழசின் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டது என்று குற்றம் சாட்டலாம். நாற்காலி காலியாகத்தானே கிடந்தது? சினிமாவை வைத நான், இங்கே வேலைக்கு வந்த பின்னும், மலையடிவாரத்து ஊர் ஒன்றுக்குப் போய் ஒரு கதைப்பாடகர் முன் உட்கார்ந்ததில்லை. ஜி. ராமநாதனாவது அந்தப் பெயரை ஒரு பன்னிரண்டு வயதுப் பையன் வாயில் தங்க வைத்தார்.

ஆசிரியர் கருவியில் விரலை வைத்தார். முதல் தடவை ரேகை பதியவில்லை, இரண்டாம் தடவை பதிந்தது. அதே பாட்டை முனகிக்கொண்டே படியிறங்கினார். எனக்கும் அது முழுக்க மனப்பாடம் என்பது அப்போதுதான் உறைத்தது.