எதுவும் அனுப்பாத ஆடம்ஸ்

சி. ஜே. டேட்டின் பாடநூலை வைத்து டிபிஎம்எஸ் எனும் தரவுத்தளப் பாடம் படித்தவர்களுக்கு ஸ்மித், ஜோன்ஸ், பிளேக், கிளார்க், ஆடம்ஸ் ஐவரையும் தெரிந்திருக்கும். லண்டன், பாரிஸ், ஏதென்ஸ் நகரங்களில் நட்டு, போல்ட்டு, திருகாணி சப்ளை செய்யும் கற்பனை வணிகர்கள்.

இவர்கள் இடம்பெறும் டேபிள் பிறந்தபோது அதில் பெயர்களே கிடையாது. 1970 ஜூனில், ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்த எட்கர் காட் வெளியிட்ட கட்டுரையில் சப்ளையர், பாகம், திட்டம், எண்ணிக்கை என நான்கு பத்திகள். உள்ளே வெறும் எண்கள். தரவு டிஸ்கில் எப்படிக் கிடக்கிறது என்பதைப் பயன்படுத்துபவர் அறிய வேண்டியதில்லை என்பது காட்டின் வாதம்.

ஊரும் பேரும் தந்தவர் டேட். அவரும் அப்போது ஐபிஎம்காரர்தான். 1975-இல் முதலில் வந்த அவருடைய நூல் எட்டுப் பதிப்புகள் கண்டது. அதில் சப்ளையருக்கு ஒரு டேபிள், பாகத்துக்கு ஒன்று, யார் எதை எத்தனை அனுப்பினார் என்பதற்கு மூன்றாவது. மூன்றாவதில் 12 வரிசைகள். இருக்கும் ஆறு பாகங்களையும் ஸ்மித் அனுப்புகிறார். ஆடம்ஸ் பேரில் ஒரு வரிசைகூட இல்லை.

பாடமே அந்த ஆடம்ஸ்தான் என்பேன். மூன்றையும் ஒட்டி ஒரே டேபிளாக்கிப் பாருங்கள். சப்ளையர் எண்ணும் பாக எண்ணும் சேர்ந்ததுதான் ஒவ்வொரு வரிசையையும் அடையாளம் காட்டும் பிரைமரி கீ; அதில் எந்தப் பகுதியும் காலியாக இருக்கக் கூடாது. எதையும் அனுப்பாத ஆடம்ஸை எந்த வரிசையில் எழுதுவது? ஏதென்ஸில் ஒருவர் இருக்கிறார் என்பதையே பதிய வழியில்லை. பிளேக்குக்கு வேறு சிக்கல்: அவர் அனுப்புவது ஒரே பாகம். அந்த வரிசையை அழித்தால் அவர் பாரிஸ்காரர் என்ற தகவலும் கூடவே போய்விடும். ஸ்மித்தின் லண்டன் ஆறு இடங்களில் திரும்பத் திரும்ப வரும்; அவர் ஊர் மாறும்போது ஐந்தைத் திருத்தி ஒன்றை விட்டால் இரண்டு ஊர்க்காரர் ஆகிவிடுவார்.

இந்தச் சிக்கல்களைத் தீர்க்க டேபிளைப் பிரிக்கும் முறையான நார்மலைசேஷன் பற்றிய அத்தியாயத்தில் டேட் ஒரு வேலை செய்கிறார். ஊரை வைத்தே சப்ளையரின் தர எண் அமைகிறது என்று காட்ட, பாரிஸ்காரர்கள் இருவருக்கும் ஒரே எண் வேண்டும். அதனால் பிளேக்கின் 30-ஐ 10 ஆக்கிவிடுகிறார். பாவம், பாடத்துக்காகப் பதவியிறக்கம்!

டேபிளைப் பிரித்ததும் ஆடம்ஸுக்கு இடம் கிடைத்தது. ஆனால் பிரித்தவற்றை இணைக்கச் சாதாரண ஜாயின் போட்டால் அவர் மறுபடி காணாமல் போவார். ஜோடி இல்லாத வரிசைகளையும் விடாத அவுட்டர் ஜாயினில் வருவார், எண்ணிக்கை இருக்க வேண்டிய இடத்தில் மதிப்பு இல்லை என்று சொல்லும் 'நல்' என்ற குறியோடு. அந்த நல் வேண்டும் என்றார் காட். கூடவே கூடாது என்றார் டேட். பிற்பாடு ஒரே நிறுவனத்தில் கூட்டாளிகளாக இருந்தவர்கள் இதில் மட்டும் கடைசிவரை ஒத்துப்போகவில்லை.

ஆடம்ஸ் மொத்தம் எத்தனை அனுப்பினார் என்று, தரவுத்தளத்திடம் கேள்வி கேட்கும் மொழியான எஸ்கியூஎல்லில், கூட்டும் 'சம்' போட்டுக் கேளுங்கள். பூஜ்யம் வராது, நல்தான் வரும்.