ஓசூர் வட்டாரத்தில் வண்ண இலைத் தொட்டிச் செடிகளும் குளிர்காலப் பராமரிப்பும்

பூவுக்காக அல்லாமல் இலையின் நிறத்துக்காக வளர்க்கப்படுபவை வண்ண இலைச் செடிகள். குரோட்டன்ஸ், கோலியஸ், கலேடியம், அக்லோனிமா, டிரசீனா, கார்டிலைன், அகலிஃபா ஆகியவை ஓசூர் வீட்டு மாடிகளிலும் தொழிற்சாலை முகப்புகளிலும் மிகுதியாகக் காணப்படுகின்றன. இவற்றில் பெரும்பாலானவை வெப்பமண்டலத் தாவரங்கள். குரோட்டன்ஸ் மலுக்குத் தீவுகளையும் அவற்றை அடுத்த பகுதிகளையும் சேர்ந்தது. கலேடியம் தென் அமெரிக்காவிலிருந்து வந்தது. தமிழகச் சமவெளியில் இவற்றுக்குக் குளிர்காலத் தொல்லை பெரிதாக இல்லை. கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வடமேற்கு மூலையிலுள்ள ஓசூரில் கதை வேறு.

ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் கிருஷ்ணகிரி நகரம் சுமார் 500 மீட்டரில் இருக்கிறது. 100 மீட்டர் ஏறினால் 0.6 டிகிரி செல்சியஸ் குறையும் என்ற பொதுக் கணக்கில், இரண்டு ஊர்களுக்கும் இடையே ஏறத்தாழ இரண்டரை டிகிரி வேறுபடும். மார்கழி, தை இரவுகளில் ஓசூரில் வெப்பம் 15 டிகிரிக்குக் கீழே இறங்குவது வழக்கம். ரோஜாவுக்கு இந்தக் குளிர் வரம். தமிழ்நாடு தொழில் வளர்ச்சிக் கழகத்தின் (டிட்கோ) கூட்டு முயற்சியான டான்ஃப்ளோரா மலர்ப் பூங்கா அமுதகொண்டபள்ளியிலும், இந்திய–இஸ்ரேல் வேளாண் திட்டத்தின் மலர் மகத்துவ மையம் தளியிலும் அமைந்ததற்கு இந்தத் தட்பவெப்பமும் ஒரு காரணம். அதே குளிரில் அக்லோனிமாவின் இலையில் எண்ணெய் பட்டதுபோல் கரும்புள்ளிகள் படரும். குரோட்டன்ஸ் அடியிலைகளை உதிர்க்கும்.

உறைபனி நாடுகளின் தோட்ட நூல்கள் தொட்டிகளைச் சூடேற்றிய அறைக்குள் கொண்டுபோகச் சொல்கின்றன. ஓசூரில் அது தேவையில்லை. இங்கே பெரும்பாலான செடிகள் சாவது ஈரத்தால். குளிரில் வளர்ச்சி மட்டுப்பட்டு, வேர் நீர் உறிஞ்சுவது குறைந்துவிடும். கோடையில் ஊற்றிய அளவையே தினமும் ஊற்றினால் மண் காயாமல் வேர் அழுகும். இலை வாடும்; வாடுகிறதே என்று இன்னும் ஊற்றுவார்கள்; செடி போய்விடும். கார்த்திகை முதல் மாசி வரை மேல்மண்ணில் விரல் நுழைத்துப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டுமே நீர் விட வேண்டும். வெயில் ஏறிய பிறகு, இலையில் படாமல் வேருக்கு மட்டும் ஊற்றுவது நல்லது. விடியற்காலையில் மேல்நிலைத் தொட்டித் தண்ணீர் சில்லென்று இருக்கும். அப்போதுதான் இறைத்த போர்வெல் தண்ணீர் வெதுவெதுப்பாக வரும். இந்த மாதங்களில் உரமிடுவதையும் தொட்டி மாற்றுவதையும் நிறுத்திவிடலாம்.

மேகமில்லாத இரவில் திறந்த மாடி வெப்பத்தை வானுக்கு இழந்து, சுற்றியுள்ள காற்றைவிடவும் குளிர்ந்துபோகும். தலைக்கு மேல் ஒரு நிழல்வலையோ கூரை விளிம்போ இருந்தாலே அந்த இழப்பு குறையும். தொட்டிகளைச் செங்கல் மேல் தூக்கிவைத்து, கிழக்கு அல்லது தெற்குச் சுவரோரம் நெருக்கி அடுக்குவது போதுமான காப்பு.

எல்லாச் செடிக்கும் ஒரே முறை பொருந்தாது. கலேடியம் தானாகவே இலை உதிர்த்து உறங்கும். இறந்துவிட்டது என்று கிழங்கோடு குப்பையில் போடுகிறவர்கள் பலர். உண்மையில் நீரை நிறுத்தி, தொட்டியோடு உலர்வான மூலையில் வைத்தால் கோடை மழையோடு துளிர்க்கும். கோலியஸுக்குத் தாய்ச்செடியைக் காப்பதைவிட, ஐப்பசியிலேயே நுனித் தண்டுகளை வெட்டித் தென்னைநார்க் கழிவில் வேர்பிடிக்க வைப்பது எளிது. அகலிஃபா, ரோயோ போன்றவை இந்த அளவு குளிரைத் தாங்கும். பளிச்சென்ற பகல் வெயிலும் குளிர்ந்த இரவும் சேரும்போது இலையில் ஆந்தோசயனின் என்னும் நிறமி கூடுவதால், சிவப்பும் ஊதாவும் அப்போதுதான் நன்றாக ஏறும்.

பாயின்செட்டியா தனியாகச் சொல்ல வேண்டிய செடி. நீண்ட, இடையறாத இரவுகள் பல வாரம் தொடர்ந்தால்தான் அதன் மேலிலைகள் சிவக்கும். ஓசூரின் குளிர்கால இரவு அதற்குப் போதும். ஆனால் தொழிற்பேட்டையில் இரவு முழுவதும் எரியும் விளக்குகளுக்குக் கீழே வைத்த செடி மார்கழியிலும் பச்சையாகவே நிற்கும். ஐப்பசி முதலே அதை விளக்கொளி படாத பக்கம் நகர்த்திவைத்தால் நிறம் தவறாது.

இம்மாவட்டத்தின் இன்னொரு சிக்கல் நிலத்தடி நீர். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் ஃபுளோரைடு மிகுதி காரணமாகவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் செயல்பாட்டுக்கு வந்தது. பல்லையும் எலும்பையும் கெடுக்கும் அதே ஃபுளோரைடு, டிரசீனா, கார்டிலைன் இலைகளின் நுனியில் சேர்ந்து அவற்றைக் கருக்குகிறது. இதைக் குளிர் என்றோ நோய் என்றோ எண்ணி மருந்தடிப்பது வீண். நீரைக் கொதிக்க வைத்தாலும் ஃபுளோரைடு போகாது. ஆவியாகிக் குறையும் நீரில் அதன் செறிவு கூடும். பிடித்துவைத்த மழைநீரே சிறந்த மருந்து. சூப்பர் பாஸ்பேட்டிலும் ஃபுளோரைடு இருப்பதால் இச்செடிகளுக்கு அதைத் தவிர்க்க வேண்டும். மண்கலவையில் சிறிது சுண்ணாம்பு சேர்த்து அமிலத்தன்மையைக் குறைத்தால் வேர் ஃபுளோரைடை எடுப்பதும் குறையும்.

மழை ஓய்ந்த தை, மாசியின் வறண்ட காற்றில் சிவப்புச் சிலந்தியும், நெருக்கி வைத்த தொட்டிகளுக்கு இடையே மாவுப்பூச்சியும் பரவும். வாரம் ஒருமுறை இலையின் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்து, கண்டவுடன் வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

பங்குனியில் இரவுக் குளிர் விலகியதும் கவாத்து செய்து, செம்மண்ணும் மட்கிய தொழுவுரமும் கலந்து தொட்டி மாற்றலாம். பச்சையம் குறைந்த வெள்ளை, இளஞ்சிவப்பு இலைகள் திடீர் வெயிலில் கருகும் என்பதால், இரண்டு வாரம் காலை வெயிலில் பழக்கிய பிறகே அவற்றைத் திறந்தவெளிக்குக் கொண்டுபோக வேண்டும். வண்ணக் கிளைகளுக்கு நடுவே முழுப் பச்சைக் கிளை எழுந்தால் அடியோடு வெட்டிவிட வேண்டும். விட்டால் அதுவே வேகமாக வளர்ந்து மற்றவற்றை அமுக்கிவிடும்.