பில் மெக்ராக்கனும் ஆஃப்சைடு விதியும்

பெல்ஃபாஸ்ட் நகரில் 1883ஆம் ஆண்டு பிறந்த பில் மெக்ராக்கன், அந்நகரின் டிஸ்டில்லரி கால்பந்துக் கழகத்தில் ஆடிப் பெயர்பெற்று, 1904இல் இங்கிலாந்தின் வடகிழக்கிலுள்ள நியூகாசில் யுனைடெட் கழகத்தில் சேர்ந்தார். அது அக்கழகத்தின் பொற்காலத் தொடக்கம். 1905, 1907, 1909 ஆகிய ஆண்டுகளில் லீக் பட்டத்தையும், 1910இல் பார்ன்ஸ்லி அணியை மறு ஆட்டத்தில் வீழ்த்தி எஃப்.ஏ. கோப்பையையும் அது வென்றது. வலப்புறத் தடுப்பாட்டக்காரராக, அதாவது ரைட் பேக்காக, 400க்கும் மேற்பட்ட ஆட்டங்களில் மெக்ராக்கன் களம் இறங்கினார். ஆயினும் அவர் பெயர் நிலைத்தது பட்டங்களால் அன்று, எதிரணியினரை ஆஃப்சைடில் சிக்கவைத்த சாமர்த்தியத்தாலேயே.

1866 முதல் நடைமுறையிலிருந்த விதிப்படி, பந்து தம்மை நோக்கி உதைக்கப்படும் கணத்தில் அதற்கு முன்னே நிற்கும் தாக்குதல் ஆட்டக்காரருக்கும் எதிரணியின் கோல் கோட்டுக்கும் இடையில் எதிரணியினர் மூவரேனும் இருக்கவேண்டும். இல்லையேல் அவர் ஆஃப்சைடு எனப்பட்டு, எதிரணிக்கு ஃப்ரீ கிக் கிடைக்கும். அக்காலத்து அணிகளில் கோல்கீப்பருக்கு முன்னால் ஃபுல் பேக் எனப்பட்ட இருவரே கடைசிக் காவல் என்பதால், அவ்விருவருள் ஒருவர் தக்க கணத்தில் சில அடிகள் முன்னேறிவிட்டாலே, தாக்க வந்தவருக்கு எதிரே இருவர் மட்டுமே எஞ்சி, நடுவரின் விசில் ஒலித்துவிடும். கணிப்புத் தவறினாலும் பின்னால் மற்றொரு பேக் நிற்பதால் ஆபத்து அதிகமில்லை. நாட்ஸ் கவுண்டி அணியின் மார்லியும் மான்ட்கோமரியும் முன்பே இதைக் கையாண்டிருந்தனர் ஆதலின், மெக்ராக்கனை இதன் கண்டுபிடிப்பாளர் என்பது பொருந்தாது. இதைக் கலையாக வளர்த்தவர் என்பதே சரி. தன் பாதியில் நிற்பவருக்கு ஆஃப்சைடு இல்லை என 1907இல் அளிக்கப்பட்ட விலக்கும் இதை முறியடிக்கவில்லை. தடுப்பாட்டக்காரர்கள் நடுக்கோடு வரை ஏறி வந்து நிற்க, ஆட்டம் மைதானத்தின் நடுவே ஒரு குறுகிய பட்டையில் நெரிபட்டது. வெளியூர் ரசிகர்கள் மெக்ராக்கனைக் கண்டாலே கூச்சலிட்டனர். நியூகாசில் அணி ரயிலில் வந்திறங்கியபோது கார்டு ஊதிய விசிலைக் கேட்ட ஒருவர், அதற்குள் ஆஃப்சைடா என்று வியந்ததாக ஒரு வேடிக்கைக் கதையும் உலவியது. உண்மையோ கற்பனையோ, அவருடைய புகழுக்கு அதுவே போதிய சான்று.

தீவு முழுவதிலுமிருந்து வீரர்களைத் தேர்ந்தெடுத்த அயர்லாந்து அணியிலும் அவர் ஆடினார் எனினும், இங்கிலாந்து வீரர்கள் பெற்ற ஊதியத்தைத் தமக்கும் கேட்டதால் பெல்ஃபாஸ்டிலிருந்த கால்பந்துச் சங்கத்தின் பகையைத் தேடிக்கொண்டு நெடுங்காலம் ஒதுக்கப்பட்டு, முதல் உலகப் போருக்குப் பின்னரே திரும்பினார். கேட்டது நியாயம்தான்.

விதிகளை வகுக்கும் சர்வதேச வாரியம் 1925 ஜூனில் மூவர் என்பதை இருவர் எனத் திருத்தியது. இனி முன்னேறும் பேக் கணக்குத் தப்பினால் தாக்குபவருக்கு எதிரே கோல்கீப்பர் மட்டுமே. 1924-25 பருவத்தில் லீக் ஆட்டங்களில் விழுந்த 4,700 கோல்கள் அடுத்த பருவத்திலேயே 6,373 ஆயின. இத்திருத்தம் மெக்ராக்கனுக்காகவே வந்தது என்று எழுதுவது வழக்கமாயினும், அவர் 1923இலேயே ஹல் சிட்டியின் மேலாளராகிவிட்டார். வாரியத்தை அசைத்தது அவரைப் பார்த்துப் பழகிய எண்ணற்ற அணிகளின் வறண்ட ஆட்டமே.

புதிய விதியின்கீழ் 1925 அக்டோபர் மாதம் நியூகாசில் அணி ஆர்சனலை 7-0 எனச் சிதறடித்தது. அத்தோல்விக்குப் பின், ஆர்சனல் மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன், தம் அணி வீரர் சார்லி பக்கனின் யோசனையை ஏற்று, அதுவரை நடுக்களத்தில் ஆடிய சென்டர் ஹாஃபை இரு பேக்குகளுக்கும் இடையில் மூன்றாவது காவலராகப் பின்னிழுத்தார். 1930இன் எஃப்.ஏ. கோப்பைத் தொடரில் மெக்ராக்கனின் ஹல் சிட்டி, அவருடைய பழைய நியூகாசிலையே வெளியேற்றி, அரையிறுதியில் இந்த ஆர்சனலை எதிர்கொண்டு 2-0 என முன்னிலையும் பெற்றது. ஆனால் ஆட்டம் 2-2 எனச் சமனாகி, மறு ஆட்டத்தில் ஆர்சனல் 1-0 என வென்றது. அதே பருவத்தில் ஹல் இரண்டாம் பிரிவிலிருந்து கீழிறக்கப்பட, 1931இல் அவர் அப்பொறுப்பிலிருந்து விலகி, பின்னர் மில்வால், ஆல்டர்ஷாட் அணிகளை நடத்தி, 1979இல் தமது 95ஆம் வயதில் காலமானார்.