பட்டாவும் பங்கும்: தருமபுரிப் பகுதியில் பெண்களின் மரபுரிமையும் சட்ட உதவியும்

முன்னுரை

இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்குள்ள உரிமை, பெரும்பாலும் சட்டத் திருத்தங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. 1937, 1956, 1989, 2005 ஆகிய ஆண்டுகள் அவ்வரலாற்றின் படிநிலைகளாகச் சுட்டப்படுகின்றன. எனினும், நிலம் யாருடைய பெயரில் பதியப்பட்டது, பிரிவினை எவ்வாறு நிகழ்ந்தது, வழக்காடும் பொருள்வலிமை யாரிடம் இருந்தது என்பனவே ஒரு வட்டாரத்தில் சட்டத்தின் பயனைத் தீர்மானிக்கின்றன. அவ்வகையில், இன்றைய தருமபுரி மாவட்டத்தை உள்ளடக்கிய பாராமகால் நிலப்பகுதியை முன்வைத்து, நிலப் பதிவு, மரபுரிமைச் சட்டம், சட்ட உதவி ஆகிய மூன்றுக்கும் இடையிலான உறவை இக்கட்டுரை ஆராய்கிறது. சட்டம் பெண்ணுக்கு உரிமையை வழங்கியபோதும், அதனை மெய்ப்பிக்கும் சுமையை ஆவண முறை அவள்மீதே ஏற்றியது என்பது இதன் கருதுகோள் ஆகும்.

பாராமகாலும் பட்டாவும்

1792ஆம் ஆண்டு ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தானிடமிருந்து பாராமகால் கிழக்கிந்தியக் கம்பெனியின் வசமாயிற்று. அதன் வருவாய் நிர்வாகம் கேப்டன் அலெக்சாண்டர் ரீடிடம் ஒப்படைக்கப்பட்டது. அவருடைய உதவியாளர்களுள் ஒருவராகத் தாமஸ் மன்றோ 1799 வரை இப்பகுதியில் பணியாற்றினார். தருமபுரியில் அவர் தங்கியும் இருந்தார். நிலங்களை அளந்து, வயல்தோறும் தீர்வை விதித்து, உழவரோடு அரசு நேரடியாகக் கணக்குத் தீர்க்கும் முறை இங்கே உருப்பெற்றது. பின்னாளில் சென்னை மாகாணத்தின் பெரும்பகுதியில் பரவிய ரயத்துவாரி முறைக்கு இதுவே முன்னோடி. இடையில் சேலம் மாவட்டத்தில் நிலங்கள் மிட்டாக்களாகப் பிரித்து விற்கப்பட்டன. அவற்றுள் பல காலப்போக்கில் மீண்டும் ரயத்துவாரிக்குத் திரும்பின. எஞ்சியவை 1948ஆம் ஆண்டின் ஜமீன் ஒழிப்புச் சட்டத்திற்கு உட்பட்டன.

இம்முறையில் பட்டா என்பது தீர்வை செலுத்துபவரை அடையாளப்படுத்தும் ஆவணம். நிலத்தில் உரிமையுடைய அனைவரையும் பட்டியலிடுவது அதன் நோக்கம் அன்று. மிதாட்சர முறைப்படி மகன்கள் பிறப்பாலேயே பங்காளிகளாக இருந்த குடும்பங்களிலும் பட்டா பொதுவாக மூத்த ஆணின் பெயரிலேயே அமைந்தது. பட்டா மட்டுமே உரிமை மூலமாகாது என்று நீதிமன்றங்கள் பலமுறை தெளிவுபடுத்தியுள்ளன. ஊர் வழக்கிலோ 'பட்டா யார் பேரில் இருக்கிறது' என்னும் கேள்விக்கான விடையே உரிமைக்கான விடையாகக் கொள்ளப்பட்டது. பெயர் பதியப்படாத மகள், தனக்குப் பங்கு உண்டென்பதைத் தானே நிறுவவேண்டியவள் ஆனாள்.

சட்டத்தின் படிநிலைகள்

அண்டையில் இருந்த மைசூர் அரசு, 1933ஆம் ஆண்டிலேயே இந்துப் பெண்களின் உரிமைகள் சட்டத்தை இயற்றிப் பிரிவினையின்போது குடும்பப் பெண்களுக்குப் பங்கு வழங்கியது. சென்னை மாகாணத்தில், 1929இல் செங்கல்பட்டில் கூடிய முதல் சுயமரியாதை மாநாடு பெண்களுக்குச் சமச் சொத்துரிமை வேண்டுமெனத் தீர்மானித்தபோதிலும், சட்டம் மெதுவாகவே நகர்ந்தது. 1937ஆம் ஆண்டின் மையச் சட்டம் கைம்பெண்களுக்கு வரம்புக்குட்பட்ட உரிமையை மட்டுமே அளித்தது. மகளுக்கு எதுவும் அளிக்கவில்லை. அச்சட்டம் வேளாண் நிலத்திற்குப் பொருந்தாது எனக் கூட்டாட்சி நீதிமன்றம் 1941இல் கருத்துரைத்தது. 1947இல் சென்னை மாகாணம் தனிச்சட்டம் இயற்றிய பின்னரே அதன் பயன் வேளாண் நிலத்திற்கும் விரிந்தது. உழவையே நம்பியிருந்த இப்பகுதிக்கு இந்த இடைவெளியின் விளைவு சிறிதன்று.

1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டம் மகளை முதல்வகுப்பு வாரிசாக்கியது. ஆயினும் பங்காளி உரிமை மகன்களிடமே நீடித்தது. தாய் முன்னரே இறந்துவிட்ட, ஒரு மகனும் ஒரு மகளும் உள்ள குடும்பத்தை எடுத்துக்கொண்டால், தந்தை இறக்கும்போது மூதாதையர் சொத்தில் பாதி மகனுடையது. தந்தையின் பாதியே இருவருக்கும் பிரியும். ஆகவே மகன் பெறுவது முக்கால், மகள் பெறுவது கால்.

இந்த வேறுபாட்டைக் களையும் நோக்கில் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த திருத்தம் 1989 மார்ச் 25 முதல் நடைமுறைக்கு வந்தது. மகளும் பிறப்பால் பங்காளி ஆனாள். அந்நாளுக்கு முன் திருமணமானவர்களுக்கு அது பொருந்தவில்லை. ஒரே வீட்டில் பிறந்த தங்கைக்கு உள்ள உரிமை அக்காளுக்கு இல்லாத நிலை இதனால் தோன்றியது. 2005 செப்டம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்த மையத் திருத்தம் அத்தகைய திருமண வரம்பின்றி மகளை மகனுக்கு இணையாக்கியது. அத்திருத்த நாளில் தந்தை உயிரோடிருக்க வேண்டியதில்லை என வினீதா சர்மா வழக்கில் உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டு 11 அன்று தீர்ப்பளித்தது.

2022 ஜனவரி 20 அன்று தீர்க்கப்பட்ட அருணாச்சல கவுண்டர் எதிர் பொன்னுசாமி வழக்கு தமிழ்நாட்டில் எழுந்தது. 1938இல் நீதிமன்ற ஏலத்தில் ஒருவர் வாங்கிய நிலம், ஆண்மகவின்றி அவர் இறந்தபின் மகளுக்குரியதா, சகோதரர் மகனுக்குரியதா என்பதே வினா. சுயார்ஜித சொத்து, 1956க்கு முந்தைய மரபுச் சட்டப்படியும் மகளையே சாரும் என்று உச்ச நீதிமன்றம் கூறியது. 1991இல் தொடுக்கப்பட்ட வழக்கு 1994இல் விசாரணை நீதிமன்றத்திலும் 2009இல் உயர் நீதிமன்றத்திலும் தோற்று, 31 ஆண்டுகளுக்குப் பின் வென்றது. உரிமை முன்பே இருந்தது. அதை நிறுவத்தான் ஒரு தலைமுறைக் காலம் தேவைப்பட்டது.

வாய்மொழிப் பிரிவினையும் விடுதலை ஆவணமும்

2005ஆம் ஆண்டுத் திருத்தம், 2004 டிசம்பர் 20க்கு முன் பதிவு செய்யப்பட்ட அல்லது நீதிமன்ற ஆணையால் நிகழ்ந்த பிரிவினைகளைப் பாதுகாத்தது. 'அந்தக் காலத்திலேயே வாய்மொழியாகப் பிரித்துவிட்டோம்' என்னும் எதிர்வாதத்தைப் பொது ஆவணச் சான்றின்றி எளிதில் ஏற்கலாகாது என்பதும் வினீதா சர்மா தீர்ப்பின் பகுதியாகும். இங்கு ஆவணமின்மை முதன்முறையாகப் பெண்ணுக்குச் சாதகமாகத் திரும்பியமை நோக்கத்தக்கது.

இதன் மறுபக்கம் விடுதலை ஆவணம். தன் பங்கை உடன்பிறந்தோருக்கு விட்டுக்கொடுப்பதாகச் சகோதரி கையொப்பமிட்டுப் பதிவு செய்தால், சட்டம் தந்த சமபங்கு அத்துடன் முடிகிறது. பிறந்த வீட்டு உறவு முறியக்கூடாது என்னும் எண்ணமும், திருமணச் சீரே தன் பங்கு என்னும் நம்பிக்கையும் அக்கையொப்பத்திற்குப் பின்னே நிற்கின்றன. வட்டாட்சியர் வழங்கும் வாரிசுச் சான்றிதழில் மகளின் பெயர் இடம்பெறுவது இன்று இயல்பு. ஆனால் அச்சான்றிதழ் வாரிசுகள் யாவர் என்பதைக் காட்டுமேயன்றி, பங்கைப் பிரித்துத் தராது.

சட்ட உதவியின் இடம்

1976ஆம் ஆண்டின் 42ஆவது அரசியலமைப்புத் திருத்தம் இலவசச் சட்ட உதவியை 39அ உறுப்பாகச் சேர்த்தது. 1987இல் இயற்றப்பட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1995 நவம்பர் 9 முதல் நடைமுறைக்கு வந்தது. அதன் 12ஆம் பிரிவின்படி பெண்கள், வருமான வரம்பு ஏதுமின்றி, இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். வழக்கறிஞர் உதவியோடு நீதிமன்றக் கட்டணமும் இதில் அடங்கும். மாவட்ட ஆணைக்குழுவும் வட்டக் குழுக்களும் இதனைச் செயற்படுத்தும் அமைப்புகளாகும்.

குடும்பப் பிரிவினைத் தகராறுகள் சமரசத் தீர்வுக்கு ஏற்றவை என உச்ச நீதிமன்றம் 2010இல் ஆப்கான்ஸ் வழக்கில் வகைப்படுத்தியது. மக்கள் நீதிமன்றத்தில் ஏற்படும் உடன்பாடு உரிமையியல் நீதிமன்றத் தீர்ப்பாணைக்கு நிகரானது. செலுத்திய கட்டணமும் திரும்பக் கிடைக்கும். அதேவேளை, அதன்மீது மேல்முறையீடு இல்லை. தன் பங்கு காலா, பாதியா என்பதை அறியாத ஒருத்தி இசையும் உடன்பாடு விரைவானதாக இருக்கலாம். நீதியானதாக இருக்கும் என்பதற்கு உறுதியில்லை.

முடிவுரை

1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்து உருவான தருமபுரி மாவட்டம், உழவரைத் தனித்தனியே பதிவேட்டில் ஏற்றிய முறையின் தொட்டில்களுள் ஒன்று. அப்பதிவேட்டில் மகளுக்கு இடமில்லாமற்போனதைச் சட்டங்கள் படிப்படியாகத் திருத்தின. பதிவேட்டின் செல்வாக்கு ஊர் நடைமுறையில் இன்னும் தொடர்கிறது. கூட்டுக் குடும்பச் சொத்திலிருந்து விலக்கப்பட்டவர், அது தமக்குத் தெரியவந்த நாளிலிருந்து 12 ஆண்டுகளுக்குள் வழக்குத் தொடுக்கவேண்டும் என்னும் காலவரம்பும் உள்ளது. எனவே சட்ட உதவி வழக்கு மன்றத்தில் தொடங்குவது காலம் கடந்ததாகிவிடக்கூடும். தந்தையின் இறப்பிற்குப் பின் வாரிசுச் சான்றிதழ் கோரும் கட்டத்திலும், விடுதலை ஆவணத்தில் கையொப்பமிடுவதற்கு முன்னும் பங்கின் அளவை எடுத்துரைக்கும் உதவியே பயன்மிக்கது. சார்பதிவாளர் அலுவலக ஆவணங்களையும் நீதிமன்றப் பதிவுகளையும் வட்டார அளவில் ஒப்பிடும் ஆய்வுகள், 1989க்கும் 2005க்கும் பின் சமபங்கு எந்த அளவுக்கு நிலமாகப் பெண்களின் கைக்கு வந்தது என்பதை வெளிக்கொணரும்.