கடல் கடந்து கற்ற ஆசிரியர்கள்

கடல் கடந்து பொருள் தேடியவர்களைப் பற்றி நாம் நிறையக் கேட்டிருக்கிறோம். கடல் கடந்து படை நடத்தியவர்களைப் பற்றியும் படித்திருக்கிறோம். ஆனால் கரும்பலகையின் முன் நின்று சிறுவர்க்கு எழுத்தறிவிக்கும் எளிய பள்ளியாசிரியர்கள், ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒருசேரப் படிப்பதற்கென்றே கப்பலேறிய வரலாறு நம்மில் பலர் அறியாதது. 1900-ஆம் ஆண்டின் கோடையில், கியூபாத் தீவிலிருந்து அத்தகைய பயணம் ஒன்று புறப்பட்டது. அதனை எண்ணிப் பார்க்கும்போது, கல்வி என்னும் கொடையைப் பற்றியும், கொடுப்பவரைப் பற்றியும், பெறுபவரைப் பற்றியும் சில கேள்விகள் நம் உள்ளத்தில் எழுகின்றன.

அன்றைய கியூபாவின் நிலையை முதலில் நினைவுகூர வேண்டும். நானூறு ஆண்டுகள் ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த தீவு அது. 1895-இல் தொடங்கிய விடுதலைப் போர் ஊர்களைச் சுட்டெரித்தது. நாட்டுப்புற மக்களை ஸ்பானியப் படை நகரங்களுக்குள் அடைத்து வைத்தபோது, பசியாலும் நோயாலும் மடிந்தவர் பல்லாயிரவர். 1898-இல் அமெரிக்க ஐக்கிய நாடு போரில் இறங்கியது, ஸ்பெயின் தோற்றது. 1899 சனவரி முதல் நாளன்று தீவு அமெரிக்கப் படையின் ஆட்சிக்குள் வந்தது. அவ்வாண்டு எடுத்த மக்கள் கணக்கெடுப்பில் இருந்தவர் ஏறத்தாழ 15 இலட்சத்து 70 ஆயிரம் பேர். அவர்களுள் மூவரில் இருவர்க்கு எழுதப் படிக்கத் தெரியாது.

இந்நிலையில் பள்ளிகளுக்குப் பொறுப்பேற்றவர் அலெக்சிஸ் எவரெட் ஃபிரை. இவர் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றவர். புவியியல் பாடநூல்கள் எழுதிப் பெயர் பெற்றவர். சில மாதங்களுக்குள் தீவெங்கும் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட பொதுப் பள்ளிகள் தோன்றின. ஆனால் அவற்றில் கற்பிக்க வந்தவர்களுள் பெரும்பாலோர் ஆசிரியப் பயிற்சியைக் கண்ணால் கண்டதில்லை. எழுதப் படிக்கத் தெரியும் என்பதே பலருக்கும் தகுதியாக இருந்தது. புவியியல் அறிஞரான ஃபிரைக்கு ஓர் எண்ணம் தோன்றியது: உலகத்தைப் பாடமாகச் சொல்ல வேண்டியவர்கள், உலகத்தின் ஒரு பகுதியையேனும் கண்ணாரக் காண வேண்டாமா?

ஹார்வர்டின் தலைவர் சார்லஸ் எலியட் இசைவு தந்தார். ஆசிரியர்களின் உணவு, உறையுள், பாடச் செலவுகளுக்காக ஹார்வர்டின் நண்பர்களிடமிருந்து ஏறத்தாழ 70,000 டாலர் நன்கொடை திரட்டப்பட்டது. தீவின் ஆளுநராக இருந்த படைத்தலைவர் லியோனர்டு உட்டின் ஆட்சி துணை நின்றது. படைவீரர்களை ஏற்றிச் செல்லும் கப்பல்கள் ஐந்தினை அமெரிக்க அரசு அளித்தது. படைக்கலம் தாங்கியவர்க்கென இருந்த இடத்தில் பாடப்புத்தகம் ஏந்தியவர்கள் ஏறினார்கள். அவர்களுள் பெண்களே மிகுதி.

இங்கே ஒரு செய்தியை நாம் கருத வேண்டும். கியூபாவுக்கு இரயில் புதுமையன்று. சர்க்கரை ஆலைகளின் பொருட்டு, 1837-லேயே அவானாவிலிருந்து பெகுகால் வரை இருப்புப்பாதை அமைந்துவிட்டது. ஆண்டுகொண்டிருந்த ஸ்பெயினின் தாய்நிலத்தில் முதல் இரயில் ஓடியதோ 1848-இல்தான். இருந்தும், 1900-இல் தீவின் மேற்கையும் கிழக்கையும் இணைக்கும் பாதை கிடையாது. கரும்புக்கும் துறைமுகத்துக்கும் இடையே இரயில் ஓடியது. மனிதரையும் மனிதரையும் இணைக்க அது போதவில்லை. சாந்தியாகோ வரையிலான நடுப்பாதை 1902-இல்தான் முடிவுற்றது. ஆகவே கப்பல்கள் தீவைச் சுற்றிப் பல துறைமுகங்களில் நின்று ஆசிரியர்களை ஏற்ற வேண்டியிருந்தது. தம் நாட்டின் மறுகோடியில் வாழும் உடன் ஆசிரியரைச் சிலர் முதன்முதலாகச் சந்தித்தது அந்தக் கப்பல் தளத்திலேயே இருந்திருக்கும் என்று நாம் எண்ணுவது தவறாகாது.

புறப்பாடு எளிதாக இருக்கவில்லை. ஸ்பானிய மரபில் வளர்ந்த நல்ல குடும்பத்துப் பெண், துணையின்றி வீதிக்கு வருவதே வழக்கமில்லாத காலம் அது. அவள் வேற்று நாட்டுக் கப்பலில், வேற்று மொழி பேசும் ஊருக்குச் செல்வதென்றால், பெற்றோரின் நெஞ்சம் எப்படித் துடித்திருக்கும்! சமயத்தைப் பற்றிய கவலையும் இருந்தது. இவர்களுள் பெரும்பாலோர் கத்தோலிக்கர். செல்லுமிடமோ 1636-இல் பியூரிட்டன் மக்கள் நிறுவிய கல்விக்கூடம். எனினும் கேம்பிரிட்ஜ் நகரின் கத்தோலிக்கர்கள் விருந்தினர்க்கு உறுதுணையாக நின்றனர். மொழி தெரியாத ஊரிலும், தமக்குப் பழகிய அதே இலத்தீன் திருப்பலி அவர்களுக்குத் தாய்வீட்டை நினைவூட்டியிருக்கும்.

சூலைத் தொடக்கத்திலிருந்து ஆறு வாரங்கள் பாடம் நடந்தது. ஆடவர் பல்கலைக்கழக விடுதிகளிலும், பெண்கள் பெரும்பாலும் நகரத்து இல்லங்களிலும் தங்கினர். ஆங்கிலப் பாடம், ஸ்பானிய மொழியில் வரலாற்று விரிவுரைகள், நிலத்தையும் கடற்கரையையும் நேரில் காட்டும் புவியியல் களப்பயணங்கள், தொழிற்சாலைகளையும் நூலகங்களையும் பார்வையிடல் எனப் பொழுது கழிந்தது. பின்னர் நியூயார்க், வாஷிங்டன், பிலடெல்பியா ஆகிய நகரங்களைக் கப்பலிலும் இரயிலிலுமாகக் கண்டனர். வாஷிங்டனில் குடியரசுத் தலைவர் மெக்கின்லி அவர்களை வரவேற்றார். அதன்பின் அவர்கள் தீவு திரும்பினர்.

இது கருணையா, அரசியலா? இரண்டும்தான் என்று சொல்வதே நேர்மையாகும். நன்கொடை அளித்த குடும்பங்களின் அன்பை நாம் ஐயுறவில்லை. ஆனால் தம் நாட்டின் பெருமையைக் கண்டு திரும்பும் ஆசிரியர்கள், கியூபச் சிறுவரின் உள்ளத்தில் அமெரிக்கப் பற்றை விதைப்பார்கள் என்ற நம்பிக்கையும் ஆட்சியாளரிடம் இருந்தது. ஆயினும் காட்சி ஒன்று, கருத்து வேறொன்றாகவும் ஆகலாம். 1775-இல் அமெரிக்கரின் விடுதலைப் போர் வெடித்த மாசச்சூசெட்ஸ் மண்ணிலேயே இவர்கள் வரலாறு கற்றார்கள். ஒரு நாடு அயலார் ஆட்சியை ஏன் உதறியது என்பதைக் கேட்டவர்கள், தம் நாட்டில் இன்னும் பறக்கும் அயலார் கொடியை எண்ணாமலா இருந்திருப்பர்?

அடுத்த ஆண்டே இதற்கு எதிர்த்திசையில் ஒரு பயணம் நடந்தது. 1901 சூலையில், அமெரிக்க ஆசிரியர்கள் ஏறக்குறைய ஐந்நூறு பேர், பல மாநிலங்களிலிருந்து வந்து கூடி, சான்பிரான்சிஸ்கோவில் 'தாமஸ்' என்னும் படைக்கப்பலில் ஏறிப் பிலிப்பைன்ஸ் சென்றனர். கப்பலின் பெயரே அவர்களுக்குப் பட்டப்பெயராயிற்று. அவர்கள் உழைப்பையும் அங்கேயே நோயால் இறந்தவர்களின் ஈகத்தையும் மறுப்பதற்கில்லை. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கியூப ஆசிரியர்கள் கற்றுத் திரும்பித் தம் பிள்ளைகளுக்குத் தம் மொழியில் கற்பித்தனர். பிலிப்பைன்ஸ் பிள்ளைகளோ தம் தாய்மொழியை வாசலிலேயே விட்டுவிட்டு வகுப்பறைக்குள் நுழைய வேண்டியதாயிற்று.

ஃபிரை, ஆளுநருடன் கருத்து மாறுபட்டு, 1901 தொடக்கத்தில் பதவி விலகினார். கியூபா 1902 மே 20-இல் தன்னாட்சி பெற்றது. ஆனால் அதன் உள்விவகாரங்களில் தலையிடும் உரிமையை 1934 வரை அமெரிக்கா விட்டுக்கொடுக்கவில்லை. ஆறு வாரக் கல்வி அந்தக் கட்டுகளை அறுக்கவில்லை. அறுக்கும் என்று எதிர்பார்ப்பதும் முறையன்று.

இவ்விடத்தில் இவர்களுக்கு முன்னோடியான மற்றோர் ஆசிரியர் நம் நினைவுக்கு வருகிறார். அவர் அருள்தந்தை பெலிக்ஸ் வரேலா. அவானாவின் சான் கார்லோஸ் குருமடத்தில், இலத்தீனுக்கு மாற்றாக ஸ்பானிய மொழியில் மெய்யியல் கற்பித்தவர். அடிமை முறையை ஒழிக்கவும் நாட்டின் விடுதலைக்காகவும் குரல் கொடுத்தவர். அதன் விலையாக நாடிழந்து, 1823-இல் நியூயார்க் வந்து சேர்ந்தார். அங்கே ஏழைக் குடியேறிகளுக்குப் பணியாற்றி, அம்மறைமாவட்டத்தின் முதன்மைக் குருவாகவும் விளங்கினார். 1853-இல் புளோரிடாவின் புனித அகுஸ்தீன் நகரில், தாய்மண்ணை மீண்டும் காணாமலே இறந்தார். 2012-இல் திருச்சபை அவரை வணக்கத்துக்குரியவர் என அறிவித்தது.

வரேலா தனியராய் வந்தார், திரும்பவில்லை. 1900-இல் வந்தவர்கள் கூட்டமாய் வந்தனர், திரும்பிச் சென்றனர். வரேலாவின் வாழ்வு, அறிவு எத்தகைய விலையைக் கேட்கும் என்று காட்டுகிறது. அவர்களின் பயணமோ, பெற்ற அறிவை எங்கே கொண்டு சேர்க்க வேண்டும் என்று காட்டுகிறது. கப்பல்வழி வந்தவர்கள் தொடங்கிய பள்ளிகளில் பயின்ற தலைமுறைகளின் வழிவந்த நமக்கு, இந்த வரலாறு அந்நியமானதன்று. அறிவு எந்தக் கப்பலில் வந்தது என்று கேட்பது நம் உரிமை. அதைக் கொண்டு யாருடைய பிள்ளையைக் கைதூக்கி விட்டோம் என்று நம்மையே கேட்டுக்கொள்வது நம் கடமை.

அந்தக் கோடை முடிந்து ஏதோ ஒரு சிற்றூர்ப் பள்ளி மீண்டும் திறந்த காலையில், ஆசிரியை ஒருவர் கரும்பலகையில் ஒரு கடற்கரையை வரைந்திருப்பார். இம்முறை அது புத்தகத்தில் கண்ட கடற்கரை அன்று. தாமே கண்டுவந்த கடற்கரை. அந்த வேறுபாட்டை முன்வரிசையில் அமர்ந்த பிள்ளை அறிந்திருக்கும்.