மாரிக்குளமும் மீனும்: வன்னி வரலாற்றில் விடுபட்ட ஒரு பக்கம்

மருத நிலத்தின் வளத்தைப் பாடிய சங்கப் புலவர்கள் நெல்லோடு மீனையும் பாடினர். வன்னியின் வரலாற்றை எழுதியோரோ பெரும்பாலும் குளத்தையும் நெல்லையும் பற்றியே எழுதினர். குளத்து மீனுக்கும் ஒரு வரலாறு உண்டு என்பதையும், அது இன்றைய நீர்ப் பங்கீட்டோடு தொடர்புடையது என்பதையும் சுட்டுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இலங்கையிற் பெரும் இயற்கை ஏரிகள் இல்லை. கனகராயன் ஆற்றை மறித்து இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமைக்கப்பட்ட இரணைமடுவும், முத்தையன்கட்டு, வவுனிக்குளம் முதலியனவும் மனிதர் ஆக்கிய நீர்நிலைகளே. ஆகவே இந்நாட்டுக்குரிய விரால், கெளிறு, குறவை போன்றவை ஆற்றிலும் சதுப்பிலும் வாழப் பழகிய மீன்கள். வடகீழ்ப் பருவமழை தொடங்கிப் புதுவெள்ளம் பெருகுங்கால் அவை வாய்க்கால் வழியே வயல்களுக்கு ஏறும். குளம் வான் பாயும்போது வெள்ளத்தோடு கீழே இறங்குவனவும் உண்டு. கரப்பு, அத்தாங்கு, தூண்டில் ஆகியவற்றைக் கொண்டு உழவரே அவற்றைப் பிடித்தனர். வீட்டுக் கறிக்கு எடுத்ததுபோக எஞ்சியது கருவாடாயிற்று. தோணியும் விலையும் வேண்டாத இம்மாரிக்கால மீன்பிடியே வன்னியின் பழைய மீன்பிடி எனலாம். விலைக்கு வராத பொருள் ஏட்டில் ஏறுவதில்லை. அது வரலாற்றில் விடுபட்டமைக்கு இதுவே காரணம் போலும்.

1952இல் ஆபிரிக்காவுக்குரிய திலாப்பியா இலங்கைக்குக் கொண்டுவரப்பட்டதோடு நிலைமை மாறிற்று. பேச்சுவழக்கில் இதனை யப்பான் மீன் என்பர். எனினும் அதன் பிறப்பிடம் யப்பான் அன்று. நாட்டு மீன்கள் அதிகம் நாடாத குளத்தின் திறந்த நீர்ப்பரப்பை அது தனதாக்கிக்கொண்டது. தோணியும் செவுள்வலையும் கொண்டு விற்பனைக்காகப் பிடிக்கும் தொழில் அதன்பின் வளர்ந்தது. மாரியில் நீர் பெருகி மீன் சிதறுவதாலும், கோடையில் நீர் வற்றி மீன் ஒருங்கு சேர்வதாலும், இப்புதிய தொழிலுக்குக் கோடையே வாய்ப்பான காலமாயிற்று.

1990இல், உயிர்க்கொலைக்கு அரசு துணைபோகலாகாது என்ற சமயக் காரணத்தை முன்வைத்து, நன்னீர் மீன்பிடிக்கு அளித்துவந்த ஆதரவை அரசு நிறுத்தியது. 1994இலேயே அது மீண்டது. 1990ஆம் ஆண்டிலேயே போரும் மீண்டும் மூண்டது. 2009 வரை நீடித்த அப்போரிலும் இடப்பெயர்விலும் வலையும் தோணியும் அழிந்தன. மீள்குடியேற்றத்தின் பின்னர் வன்னிக் குளங்களில் மீண்டும் மீன்குஞ்சுகள் விடப்பட்டன.

இன்று எழும் வினா நீரைப் பற்றியதாகும். மாரி கழிந்தபின் குளத்தில் நிற்கும் நீரின் அளவைக் கொண்டே சிறுபோகத்தின் பரப்பு தீர்மானிக்கப்படுகின்றது. அந்நீர் முழுவதும் வயலுக்கே சென்றுவிடின் அடுத்த மாரிவரை மீன் வாழ இடமில்லை. உழவரின் உரிமையை மறுப்பது நம் கருத்தன்று. பழைய உழவரே மீனையும் பிடித்தவர் என்பதை முன்னரே கண்டோம். எனவே நீரைப் பங்கிடும்போது மீனுக்கென ஓரளவு நீரை நிறுத்துவது புதிய கோரிக்கையன்று. பழைய வாழ்க்கைமுறையை ஏற்பதேயாம்.

கரப்புப் பின்னவும், மீன் ஏறும் வழியை அறியவும் வல்ல முதியோர் இன்னும் நம் ஊர்களில் உளர். ஏடுகள் எழுதாதுவிட்டதை அவர்கள் வாய்மொழியிலிருந்து எழுதிவைப்பது நம் தலைமுறை மாணவரின் கடனாகும்.